மேட்டுத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளையும் நான்தான் எடுத்து வருகிறேன். என் மனைவி எங்கே வைத்திருக்கிறாளோ, அங்கே போய் எடுத்து வருகிறேன்.

இந்த ஒரு தடவை மட்டும் அப்படி விடுவதில்லை என்று தீர்மானித்தேன். வீடு பார்க்கிற விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வீடு பார்ப்பதுதான் என் பிழைப்பே. காப்பீட்டுக் கம்பெனியில் வெள்ளச் சேதத்தை மதிப்பிடுகிற ஆள் நான். தண்ணீர் வடிந்ததும் அளவு நாடாவும் கையுமாக உள்ளே நுழைந்து, "எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பேன். வீட்டுக்காரர் அழுதுகொண்டே தோளைக் காட்டுவார். சுவர் முழங்காலைக் காட்டும். நான் சுவரைத்தான் நம்புவேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு என்னை மாற்றினார்கள். நாலு நாள் மழை பிடித்தால் ஊரில் பாதி தண்ணீருக்குள் போய்விடுமாம். ஒவ்வொரு மழைக்கும் ஓர் ஆளை அனுப்புவதைவிட, ஓர் ஆளை அங்கேயே ஊறப்போட்டுவிடலாம் என்று மேலதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. நான் கவலைப்படவில்லை. தண்ணீர் எனக்குப் பழக்கம். கவலை வேறு திசையிலிருந்து வந்தது.

"ஏங்க, ஒரு நல்ல சேதி," என்றாள் மனைவி.

அவள் நல்ல சேதி என்று ஆரம்பித்தாலே நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன்.

"என் தம்பிக்கும் அதே ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஸ்கூல்ல டிரில் மாஸ்டர்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். எங்க தங்கப் போறான்?"

"இது என்ன கேள்வி?"

அது கேள்வி இல்லை. பிரார்த்தனை.

என் மச்சினனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பொய் கிடையாது, தூக்கமும் கிடையாது. கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவான். எழுந்தவன் பேசாமல் இருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? மற்றவர்களையும் எழுப்புவான். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் என் போர்வையை உருவி, "மாமா, இந்த வயித்தை நாம கரைச்சே ஆகணும்" என்றான். ஏதோ என் வயிற்றில் அவனுக்கும் பங்கு இருப்பதுபோல. ஊர் முழுக்க ஓடவிட்டான். நான் நாய்க்குப் பயந்துகூட அவ்வளவு தூரம் ஓடினதில்லை. வாரம் முழுக்க அடுத்தவன் வீட்டுச் சேற்றில் நடக்கிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அதற்கு ஆபத்து என்றால் நான் சும்மா இருப்பேனா?

திட்டம் போட்டேன். சின்ன வீடாகப் பார்ப்பது. அவ்வளவுதான் திட்டம். விருந்தாளி காலை நீட்டினால் சுவரில் இடிக்க வேண்டும்.

புது ஊரில் ஒரு லாட்ஜில் இறங்கிக்கொண்டு வீடு தேடக் கிளம்பினோம். தரகர் ஒருவர் அகப்பட்டார். வெயிலிலும் குடையை விடாதவர்.

"ஆத்தோரம் சார். ஜன்னலைத் திறந்தா ஆறு!" என்றார் முதல் வீட்டில்.

"ஜன்னலைத் திறக்காட்டி?" என்றாள் மனைவி.

"அப்பவும் ஆறுதான்," என்றேன் நான்.

தரகர் என்னை முறைத்தார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளக் பாயிண்ட் எல்லாம் ஏங்க இவ்வளவு உசரத்துல இருக்கு?"

"சின்னக் குழந்தைங்க கை வச்சிடக் கூடாதேன்னும்மா."

"சின்னக் குழந்தைங்களா? எனக்கே எட்டலையே!"

அடுத்த வீட்டில் இன்னும் ஆட்கள் குடியிருந்தார்கள். கட்டில் செங்கல் மேல் நின்றது.

"இது எதுக்கு?"

"அடியில கூட்டிப் பெருக்கத் தோதா இருக்கும்மா."

"பீரோவும் செங்கல் மேல நிக்குதே?"

"அதுக்கு அடியிலயும் பெருக்கணும்ல?"

"ஃபிரிட்ஜ் மேஜை மேல இருக்கே?"

"இந்த வீட்டம்மா ரொம்பச் சுத்தம்மா," என்றார் தரகர், குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு.

நான் பெருமையாக நின்றேன். என் மனைவி இவ்வளவு கெட்டிக்காரியாக இருப்பது எனக்கு எப்போதுமே பெருமைதான், என்னிடம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாதவரைக்கும்.

மூன்றாவது வீடுதான் நான் தேடியது. ஓர் அச்சகத்துக்கு மேல் மாடி. ஒரே ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு, பக்கவாட்டில் நடந்தால் நுழையக்கூடிய குளியலறை. கீழே மெஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பிரமாதம்! நிம்மதியா இருக்கலாம். தண்ணி எட்டவே எட்டாது!"

"தம்பி வந்தா எங்க படுப்பான்?"

"அடடா! அதை நான் யோசிக்கவே இல்லையே," என்றேன். அதை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

"பார்க்கலாம். வேற ஏதாவது இருக்குங்களா?"

"மேட்டுத் தெருவுல ஒரு வீடு இருக்கும்மா," என்றார் அந்தத் துரோகி. "மருந்துக்கடைக்காரர் வீடு. நல்லா விசாலமா இருக்கும். நாளைக்குக் காலையில காட்டறேன்."

விசாலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மனைவியின் முகம் மலர்ந்தது. என் முகம் போன இடம் தெரியவில்லை.

மத்தியானம் அவள் லாட்ஜில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, "ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பருமனான மனிதர், கபடில்லாத முகம். கட்டில் பீரோவெல்லாம் வாசலில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும் என்றேன். உடனே சாவியைக் கொடுத்துவிட்டார்.

"வெள்ளம் ஏதாவது?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எங்க தெருவுக்கா? சார், குழாய்த் தண்ணியே மோட்டார் போட்டாத்தான் மேட்டுக்கு ஏறுது. ஆத்துக்கு யாரு சார் மோட்டார் போடுவா?"

"போன மழையில?"

"போன மழைக்கு முன்னாடியே குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. பூட்டின வீடு. நானும் அந்தப் பக்கம் போகலை. கடையை விட்டு நகர முடியுதா சொல்லுங்க?"

அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் யோக்கியன்.

வீடு அழகாக இருந்தது. அதுதான் வருத்தம். காற்றோட்டமான ஹால், வெளிச்சமான சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறையை ஒட்டி, ரெண்டு படி ஏறினால் பின்னால் இன்னொரு அறை. அந்தப் பின்னறையின் நடுவில் நின்று பார்த்தபோது, மச்சினன் அங்கே தண்டால் எடுக்கிற காட்சி கண்முன் வந்தது. இனி இரக்கம் கூடாது என்று சட்டையைக் கழற்றினேன்.

வரும் வழியிலேயே டீக்கடையில் பால் சேர்க்காத டீ ஒரு பிளாஸ்க் நிறைய வாங்கி வந்திருந்தேன். கொல்லையிலிருந்து களிமண் ஒரு பிடி. தெருமுனைக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சு ஒன்று. வெள்ளத்தின் கறையைச் சும்மா கோடு போட்டுக் காட்டிவிட முடியாது. மேலே ஒரு கறுத்த வரி, அதற்குக் கீழே தண்ணீர் வடிந்து வடிந்து நின்ற மங்கலான வரிகள், அதற்கும் கீழே சேறு படிந்த நிறம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயிரம் சுவரைப் பார்த்தவன் முதல் தடவையாக ஒரு சுவரை எழுதினேன்.

என் தொழிலில் எனக்கு ஒரு சுத்தம் உண்டு. அறை அறையாக, அந்தந்த அறையின் தரையில் நாடாவை ஊன்றித்தான் அளப்பேன். கம்பெனி அறிக்கையில் அப்படித்தான் கேட்பார்கள். இங்கேயும் கை தானாக அப்படியே வேலை செய்தது. ஹாலில் இடுப்பளவு. சமையலறையில் இடுப்பளவு. படுக்கையறையில் இடுப்பளவு. ரெண்டு படி ஏறிப்போய்ப் பின்னறையிலும் இம்மி பிசகாமல் இடுப்பளவு. எல்லாம் முடிந்து வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே அந்த வீட்டுக்காரர் மேல் பரிதாபமாக இருந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஆபீஸ் வேலை வந்துடுச்சு, வீட்டுப் பக்கம் போகவே முடியலை சார்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை நால்வரும் போனோம். மருந்துக்கடைக்காரர்தான் கதவைத் திறந்தார். ஹாலைப் பார்த்தார்.

"ஐயையோ!"

தரகரின் குடை கீழே விழுந்தது.

"என்ன சார் இது? என் வீட்டுக்குள்ள தண்ணியா? எப்ப வந்துச்சு? எனக்கு யாருமே சொல்லலையே!"

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன். பாவம் கொஞ்சம் குறைந்தது.

மனைவி ஹாலைப் பார்த்தாள். சமையலறைக்குப் போனாள். படுக்கையறைக்குப் போனாள். பின்னறையில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிற பார்வையாக இல்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்க. உங்க தொழில்ல இதை எப்படிச் சொல்வீங்க?"

"மோசம். ஒரு வாரம் அசையாம நின்ன தண்ணி."

"எல்லா ரூம்லயுமா?"

"ஒரு ரூம் பாக்கி இல்லை. எல்லாத்துலயும் இடுப்பளவு."

"பின் ரூம்லயுமா?"

"அங்கயும் அதே அளவுதான்!" என்று சொன்னதோடு நிற்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தும் காட்டினேன். "நல்லாப் பார்த்துக்கோ!"

"நல்லாப் பார்த்துக்கிட்டேன்," என்றாள்.

கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "இந்த வீட்டை உங்களுக்குக் கொடுக்கவே எனக்கு மனசு கூசுதும்மா."

"கூச வேண்டாங்க. எங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க வந்துடறோம்."

என் கையிலிருந்த நாடா தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போய்விட்டது.

"என்ன பேசற நீ? வெள்ளம் வந்த வீடு இது!"

"வந்தா என்னங்க? நீங்க வேலைக்குன்னு எங்கயும் அலைய வேண்டாம். நம்ம வீட்டுலயே உக்காந்து அளந்துக்கலாம்."

"உயிருக்கு ஆபத்து!"

"அதையும் யோசிச்சேன். தண்ணி வந்தா ஏறி நிக்க ஒரு இடம் வேணும். ஏங்க, மாடியில ஒரு ரூம் பூட்டியிருக்கே?" என்று கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அதுல பழைய மருந்துப் பெட்டிங்க கிடக்குதும்மா. அதை யாருக்கும் விடறதில்லை..." கடைக்காரர் சுவரைப் பார்த்தார். இடுப்பளவைப் பார்த்தார். "சரிம்மா. இப்படி ஆனப்புறம் நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? எடுத்துக்கங்க. அதுக்குன்னு வாடகை எதுவும் சேர்த்துத் தர வேண்டாம்."

"ரொம்ப நன்றிங்க. செவுத்தைப் பத்தியும் கவலைப்படாதீங்க. இவரே வெள்ளையடிச்சிடுவார்."

"சாருக்கு அதெல்லாம் வருமா?"

"செவுத்து வேலைன்னா இவருக்கு உயிரு," என்றாள் மனைவி.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

"ஏங்க, ஒரு சந்தேகம். பின் ரூம் ஹாலைவிட ரெண்டு படி மேல இருக்கு."

"ஆமா."

"ஹால்ல இடுப்பளவு தண்ணி நின்னா, அங்க முழங்காலுக்குத்தானே நிக்கணும்? அங்கயும் எப்படி இடுப்பளவு நின்னுச்சு? ஆத்துத் தண்ணி படியேறிப் போய், அங்க ஒரு தடவை தனியா நின்னுச்சா?"

நாடாவைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. இந்த ஊர் ஆறு தேயிலைத் தோட்டம் வழியா வருதா? செவுத்துல டீ வாசனை தூக்குது."

அசடு வழிந்தேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்தாள். சிரித்தபடியே தாழ்ப்பாள், குழாய், விளக்கு எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு போனாள்.

"நீ... அவர்கிட்ட சொல்லப் போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? வரைஞ்சது யாரு?"

குடிவந்தோம். நான் வெள்ளையடித்தேன். ஒரு பூச்சுக்கு டீக்கறை போகவில்லை, அடுத்த பூச்சுக்கும் போகவில்லை. என் கைவேலை அவ்வளவு நேர்த்தி. உச்சியில் சுண்ணாம்பும் மூக்கில் சுண்ணாம்புமாக ஏணியில் நின்றபோது, தோளில் ஒரு பையும் கையில் கர்லாக்கட்டையுமாக மச்சினன் வந்து சேர்ந்தான்.

"சூப்பர் மாமா! தோளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கையை நல்லா நீட்டி அடிங்க!"

நேராக மாடி அறைக்குப் போனான். பின்னறைக்கு அவன் வந்துவிடக் கூடாதே என்று, முன்கூட்டியே அதை என் ஆபீஸ் அறையாக்கி, ஆள் நுழைய இடமில்லாமல் கோப்புகளால் அடைத்து வைத்திருந்தேன். அந்த வெற்றியில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அது அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரியோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரியும் முன்னால் மாடியில் தொம் தொம் என்று கயிறு தாண்டுகிற சத்தம். பிறகு மாடிப்படியில் தடதடவென்று காலடி. பிறகு கதவில் தட்டல். "மாமா! எந்திரிங்க! ஆத்தங்கரை வரைக்கும் ஓடிட்டு வந்துடலாம்!" ஆற்றங்கரை பள்ளத்தில் இருக்கிறது. போவது சுலபம். திரும்பி வருவது மேட்டுத் தெரு முழுவதும் ஏற்றம். பாதி ஏற்றத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் ஊற்றுகிறவர் தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. மாடி அறை எதனால் வந்தது? பொய்க் கறையால் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால்? கடைக்காரர் கோபித்துக்கொண்டு அறையைத் திருப்பிக் கேட்பார். பின்னறையில் கோப்புகள். மச்சினனுக்கு இடமில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்த்தானே ஆக வேண்டும்? என் மனச்சாட்சிக்கும் நிம்மதி, என் தூக்கத்துக்கும் நிம்மதி. நேர்மையில் இவ்வளவு லாபம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியப்பட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீஸ் போகும் வழியில் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் குறையக் காத்திருந்தேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரவே இல்லை. அந்தக் கறை... நான் போட்டது. மன்னிச்சிடுங்க. மாடி ரூமை நீங்க தாராளமா திருப்பி எடுத்துக்கலாம். இன்னைக்கே எடுத்துக்கிட்டாலும் சரி."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தெரியும் சார். எல்லாரும் வீட்டைப் பார்த்த மறுநாளே உங்க வீட்ல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. மாடிச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாங்க. நான்தான் வச்சுக்கச் சொன்னேன்."

"ஏன் சார்?" என்றேன்.

"எல்லாம் உங்களுக்காகத்தான் சார். 'என் தம்பி கொஞ்சம் சத்தக்காரன். மாடியில இருந்தா இவருக்குத் தொந்தரவு கம்மியா இருக்கும், பாவம் தூங்கட்டும்'னு அந்தம்மா சொன்னாங்க. எனக்கு மனசு இளகிப்போச்சு. ஆனா ஒண்ணு சொன்னாங்க. 'என்னைக்காவது இவரே வந்து உங்ககிட்ட உண்மையைச் சொல்வார். அப்படிச் சொன்னா, தம்பியை வெளிய அனுப்பத்தான் வந்திருக்கார்னு அர்த்தம். அன்னைக்கு நீங்க ரூமை எடுத்துக்கங்க, எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுடுங்க'ன்னாங்க."

சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்தார்.

"வேண்டாம் சார்!"

"அம்மா, நான் மருந்துக்கடையிலேர்ந்து பேசறேன். சார் வந்துட்டாருங்க... ஆமாங்க, எல்லாத்தையும் சொல்லிட்டாரு... சரிங்கம்மா."

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மேட்டுத் தெருவில் ஏறினேன். மச்சினனே பார்த்திருந்தால் பாராட்டியிருப்பான், அவ்வளவு வேகம். பிரயோஜனமில்லை. என் கோப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பின்னறை காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்த மச்சினன் கர்லாக்கட்டையை மூலையில் சாய்த்துவிட்டு, எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டிப் பாயை விரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதாங்க அவனை மாடியில வச்சிருந்தேன்," என்றாள் மனைவி. "நீங்கதான் கேட்கலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்ப மச்சினன் மாடிப்படி இறங்கி வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே சுவரைத் தட்டினான்.